சேற்றாழத்தில் ஓடிய இரும்புக் கப்பல்: அபினிப் போரில் நெமிசிஸ்

பிரிட்டனும் சீனாவும் மோதிய முதல் அபினிப் போரைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டினால் ஓர் ஓவியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எட்வர்ட் டங்கன் 1843-இல் வரைந்தது. சீனப் போர் ஜங்க் (மரத்தாலான பாய்மரக் கப்பல்) ஒன்று தீப்பிழம்பாக வெடித்துச் சிதறுகிறது. மரத்துண்டுகளும் மனிதர்களும் நீரில் கிடக்கிறார்கள். பின்னணியில் புகைபோக்கியும் துடுப்புச் சக்கரமுமாக ஒரு கறுப்புக் கப்பல் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 'நெமிசிஸ்' அது.

வெடிப்பு நடந்தது உண்மைதான். ஆனால் அந்தப் படம் நம் மனத்தில் ஒரு தவறான கணக்கைப் பதித்துவிட்டது என்பது என் எண்ணம். இயந்திரக் கப்பல் வந்தது, சுட்டது, சீனா பணிந்தது என்ற கணக்கு அது. நெமிசிஸில் இருந்த பெரிய பீரங்கிகள் இரண்டே இரண்டு, 32 ராத்தல் குண்டு வீசுபவை. அதே கடலில் நங்கூரமிட்டிருந்த அரசுக் கடற்படையின் 'வெல்லெஸ்லி'யில் 74 பீரங்கிகள். பீரங்கியின் எண்ணிக்கைதான் போரைத் தீர்த்தது என்றால் நெமிசிஸின் பெயர் அடிக்குறிப்பில்கூட வந்திருக்காது. இரண்டு ஆண்டுகள் அந்தக் கப்பல் செய்த வேலைகளை வரிசையாகப் பார்த்தால் சுட்டதைவிட இழுத்தது அதிகம்: படகுகளை இழுத்தது, பெரிய கப்பல்களை இழுத்தது, தரைதட்டியவற்றை இழுத்தது, பிடிபட்ட ஜங்குகளை இழுத்து வந்தது. பீரங்கிகளை அவை போக முடியாத இடத்துக்குக் கொண்டு சேர்த்ததுதான் அதன் சேவை.

இது ஏன் அத்தனை பெரிய காரியம் என்று புரிய, கான்டன் (இன்றைய குவாங்சோ) நகரம் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தென் சீனாவின் முத்து ஆறு கடலை அடையுமுன் நூறு கிளைகளாகப் பிரிகிறது. கழிமுகம் ஹூமன் என்ற இடத்தில் திடீரென்று ஒடுங்குகிறது. அங்கிருந்து கான்டனுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கழுத்தின் இரு பக்கமும், நடுவில் உள்ள வாங்டாங் தீவுகளிலும் கோட்டைகள். தீவுக்கும் கிழக்குக் கரைக்கும் இடையே சங்கிலியைக் கட்டிக் கப்பல் பாதையை அடைத்திருந்தார்கள். பாய்மரப் போர்க்கப்பல் இருபதடிக்கு மேல் நீரில் மூழ்கும்; ஆகவே அது வரக்கூடிய பாதை ஒன்றுதான், ஆழமான நடு ஓட்டம். காற்றும் ஓதமும் சாதகமாக இருந்தால்தான் அதிலும் வர முடியும்.

சீனத் தளபதிகள் முட்டாள்கள் இல்லை. இந்தக் கணக்கை நன்றாகப் போட்டுத்தான் கோட்டைகளைக் கட்டியிருந்தார்கள். பீரங்கிகள் எல்லாம் நடு ஓட்டத்தைப் பார்த்தபடி சுவர்த்துளைகளில் அசையாமல் பதிக்கப்பட்டிருந்தன. பல கோட்டைகளுக்குப் பின்பக்கக் காவல் வலுவாக இல்லை. பின்னால் இருந்தது சேறும் வயலும் ஆழமற்ற ஓடையும்தானே, அங்கே எந்த அந்நியக் கப்பல் வரப்போகிறது? 1839 வரை இந்தக் கேள்விக்கு விடை 'எதுவும் வராது' என்பதே.

போருக்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது எல்லாருக்கும் தெரிந்ததே. வங்காளத்திலும் பிகாரிலும் கம்பெனி ஏகபோகமாக விளைவித்த அபினியும், பம்பாய் வழியாகப் போன மால்வா அபினியும் சீனாவின் வெள்ளியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. பேரரசரின் ஆணையாளராகக் கான்டனுக்கு வந்த லின் சேசூ 1839-இல் 20,000-க்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி ஹூமன் கரையில் சுண்ணாம்பும் உப்புநீரும் கலந்து அழித்தார். இழப்பீடு கேட்டு அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்படை வந்தது.

நெமிசிஸின் கதை தொடங்குவது போர்த்துறையில் அல்ல, லண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் ஒரு மேசையில். அங்கே மூத்த அதிகாரியாக இருந்த தாமஸ் லவ் பீகாக், வெளியுலகுக்கு நையாண்டி நாவலாசிரியர். அலுவலகத்தில் அவருக்கிருந்த பித்து நீராவிக் கப்பல். இந்தியாவுக்குக் குறுக்குவழி தேடி யூப்ரடீஸ் ஆற்றில் 1835–37-இல் நடந்த ஆய்வுப் பயணத்துக்குப் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். அதற்கான இரண்டு இரும்பு நீராவிப் படகுகளைச் செய்துகொடுத்தவர்கள் பர்க்கன்ஹெட்டில் இருந்த லேர்ட் குடும்பத்தார். ஒரு படகு புயலில் மூழ்கிப்போயிற்று. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: ஆற்றில் மிதக்கிற, ஆயுதம் தாங்குகிற இரும்புக் கலத்தைக் கட்ட முடியும். அதைக் கடலையும் தாண்ட வைக்க முடியுமா என்பதுதான் பாக்கி.

ஜான் லேர்டின் பட்டறையில் 1839 நவம்பரில் நெமிசிஸ் நீரில் இறங்கியது. நீளம் 184 அடி, அகலம் 29 அடி, கொள்ளளவு ஏறக்குறைய 660 டன். லிவர்பூலின் ஃபாரஸ்டர் நிறுவனம் செய்த 120 குதிரைத்திறன் இயந்திரங்கள். இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள். அவற்றுக்கு மேல் குறுக்கே போன பாலத்தில் ராக்கெட் வீசும் குழாய். காற்று கிடைக்கும்போது கரியை மிச்சப்படுத்தப் பாய்மரங்களும் இருந்தன. இவ்வளவையும் சுமந்துகொண்டு அது நீரில் மூழ்கியது ஆறு அடி. சுமையை இறக்கினால் ஐந்தடிக்கே வந்துவிடும்.

அடிப்பாகம் பரிசலைப் போலத் தட்டை. தட்டையான கலம் ஆற்றில் சௌகரியம், கடலில் ஆபத்து. பக்கக் காற்றில் நழுவிக்கொண்டே போகும். அதற்கு லேர்ட் கண்ட வழி அழகானது. கப்பலின் முன்னும் பின்னும் உள்ளே இரண்டு நீர்புகா அறைகள், அவற்றின் வழியாக மேலும் கீழும் ஏற்றி இறக்கக்கூடிய மரப்பலகைகள். ஆழ்கடலில் பலகைகளை ஐந்தடிவரை கீழே விட்டால் கப்பலுக்கு அடிக்கட்டை கிடைத்துவிடும். ஆற்றுக்குள் நுழையும்போது மேலே இழுத்துவிட்டால் மறுபடி தட்டை. சுக்கானுக்கும் அதே மாதிரி கழற்றக்கூடிய ஒரு நீட்சி. ஒரே உடம்பில் கடற்கப்பலும் ஆற்றுத்தோணியும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இரும்புக் கப்பல் என்றதும் குண்டு துளைக்காத கவசம் என்று நினைத்துவிடுகிறோம். நெமிசிஸின் இரும்பு கவசம் இல்லை, வெறும் தகடு. எதிரியின் குண்டு பட்டால் ஓட்டை விழும். இரும்பால் கிடைத்த நன்மை எடைக்குறைவும், உள்ளே குறுக்குச் சுவர்கள் எழுப்பிக் கப்பலைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்க முடிந்ததும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை கப்பலைத் தாங்கும். இதன் பயன் முதல் பயணத்திலேயே தெரிந்தது. லிவர்பூலிலிருந்து போர்ட்ஸ்மத் போகும் வழியில், கார்ன்வால் கரையில் செயின்ட் ஐவ்ஸ் அருகே பாறையில் மோதியது. மரக்கப்பலாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. நெமிசிஸ் ஓர் அறையில் தண்ணீரோடு துறைமுகம் போய்ச் சேர்ந்து, தகடு மாற்றிக்கொண்டு வெளியே வந்தது.

இரும்பால் வந்த தலைவலியும் உண்டு. இரும்பு உடம்புக்குள் வைத்த திசைகாட்டி முள் வடக்கைக் காட்டாது, கப்பலையே காட்டும். அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1838-இல் 'ரெயின்போ' என்ற இரும்பு நீராவிக் கப்பலில் சோதனை நடத்தி, திசைகாட்டியைச் சுற்றிக் காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் கணக்காக வைத்து அந்தப் பிழையைச் சரிக்கட்டும் முறையைக் கண்டிருந்தார். அந்தத் திருத்தம் இல்லாமல் எந்த இரும்புக் கப்பலையும் நன்னம்பிக்கை முனை தாண்டி அனுப்பத் துணிந்திருக்க மாட்டார்கள்.

1840 மார்ச் 28-ஆம் தேதி போர்ட்ஸ்மத்தை விட்டுப் புறப்பட்டபோது, வெளியே சொல்லப்பட்ட ஊர் ரஷ்யாவின் ஒடெஸா. கேப்டன் வில்லியம் ஹட்சன் ஹால். அரசுக் கடற்படையில் 'மாஸ்டர்' (கப்பலுக்கு வழி பார்க்கும் அதிகாரி) பதவி வகித்தவர், இளம் வயதில் 'லைரா' கப்பலில் சீனக் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர். கப்பல் கடற்படையுடையது இல்லை, கம்பெனியின் ரகசியக் குழுவுடையது. ஆயுதம் தாங்கிய கப்பல் ஒன்று அரசின் கப்பற்பட்டியலில் இல்லாமல் உலகத்தின் மறுபக்கம் போகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதை யாரும் பெரிதாகக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கரி தீர்ந்துபோகும் என்ற பயம் வழிநெடுக இருந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய பிரின்சிப்பே தீவில் இறங்கி விறகு வெட்டி ஏற்றிக்கொண்டார்கள்; நாகரிகத்தின் புதிய இயந்திரம் சில நாள் அடுப்பெரிக்கும் மரத்தில் ஓடியது. ஜூலையில் கேப்டவுன். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய முதல் இரும்புக் கப்பல் என்ற பெயரும் கிடைத்தது. அதற்குச் சில நாள் கழித்துத்தான் உண்மையான சோதனை.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் குளிர்காலப் புயலில், அலைகளுக்கு நடுவே ஒரு பெரும் குலுக்கலுக்குப் பிறகு பார்த்தால், துடுப்புச் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் கப்பலின் இரு பக்கத் தகடுகளும் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தன. நீளமான தட்டைக் கலம். முன்னும் பின்னும் அலைமேல் ஏறி நடுப்பகுதி தொங்கும்போதும், நடுப்பகுதி ஏறி முனைகள் தொங்கும்போதும், அந்த ஓர் இடம் மடிந்து மடிந்து நிமிர்ந்திருக்கிறது. விரிசல் ஒவ்வோர் அலைக்கும் வாய் திறந்து மூடியது. நாளுக்கு நாள் வளர்ந்து ஏறக்குறைய ஏழு அடியானது. கப்பல் இரண்டாக முறிவதற்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று கண்ணால் அளந்து பார்க்கலாம் என்ற நிலை. இடுக்கியும் சுத்தியலுமாகக் கொல்லர்கள் உள்ளே இறங்கி, பிளவுக்குக் குறுக்கே மரங்களை வைத்து ஆணி முடுக்கி, எப்படியோ டெலகோவா விரிகுடாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே கரையோரம் நிறுத்தி, புதுத் தகடு ரிவெட் அடித்து, உள்பக்கம் நீளவாக்கில் தடித்த மரங்களைப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இரும்புக் கப்பல் கட்டுவோருக்கு நீளவாக்கில் வலு எவ்வளவு தேவை என்பதை யாரோ ஒரு பொறியாளர் காகிதத்தில் கண்டுபிடிக்கவில்லை. கடல் நேரடியாகச் சொல்லிக்கொடுத்தது.

அக்டோபரில் இலங்கையின் காலித் துறைமுகம். மர்மம் அங்கேதான் உடைந்தது: சரக்கேற்றிக்கொண்டு கான்டன் ஆற்று முகத்துவாரத்தில் நிற்கும் படையோடு சேரும்படி கவர்னர் ஜெனரலின் உத்தரவு காத்திருந்தது. பினாங்கு, சிங்கப்பூர் வழியாக நவம்பர் 25-ஆம் தேதி மக்காவ் வந்து சேர்ந்தது. அதற்குள் லின் சேசூ பதவி இழந்திருந்தார். அவர் இடத்துக்கு வந்த சீஷான் பேசித் தீர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு இழுபட்டது. 1841 ஜனவரி 7 காலையில் ஹூமனின் வெளிவாசலான சுவென்பி கோட்டையைத் தாக்கினார்கள். நெமிசிஸ் முதலில் துருப்புகளைக் கரை சேர்த்தது, பிறகு கோட்டைமேல் குண்டு வீசியது, அது முடிந்ததும் முனையைச் சுற்றி அன்சன் விரிகுடாவின் மணல்திட்டுகளுக்கு நடுவே நுழைந்தது. சீனப் போர் ஜங்குகள் பதினைந்து அளவில் அங்கே ஒதுங்கி நின்றன. பெரிய கப்பல் எதுவும் வர முடியாத ஆழம் என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்திருந்தார்கள். நெமிசிஸிலிருந்து போன முதல் ராக்கெட்டுகளில் ஒன்று ஒரு ஜங்கின் வெடிமருந்தில் விழுந்தது. டங்கனின் ஓவியம் அந்தக் கணம்தான். பதினோரு ஜங்குகள் அன்று அழிந்தன. பிரிட்டிஷ் தரப்பில் 38 பேருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை. சீனத் தரப்பில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

அந்த ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காங்கிரீவ் ராக்கெட் என்று பெயர். ஆனால் வில்லியம் காங்கிரீவ் அதை வானத்திலிருந்து பறித்துவிடவில்லை. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கம்பெனிப் படைமேல் வீசிய மைசூர் ராக்கெட்டுகளின் இரும்புக் குழாய்கள் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் இங்கிலாந்துக்குப் போயின; அவற்றைப் பார்த்துத்தான் வூலிச் பட்டறையில் வேலை தொடங்கியது. காவிரிக் கரையில் கம்பெனியைப் பயமுறுத்திய சரக்கு நாற்பது ஆண்டு கழித்துக் கம்பெனிக் கப்பலின் பாலத்தில் நின்றது.

ஜனவரி 26-இல் ஹாங்காங் தீவில் பிரிட்டிஷ் கொடி ஏறியது. சீஷானோடு பேசி எட்டிய ஒப்பந்தத்தை இரு அரசுகளுமே ஏற்கவில்லை, மறுபடி போர். பிப்ரவரி 25 அன்று தெற்கு வாங்டாங் தீவில் நெமிசிஸ் பீரங்கிகளை இறக்கியது. அவற்றுக்குக் காவலாகச் சென்னை 37-ஆம் காலாட்படையின் சிப்பாய்கள். அந்தத் தீவில் சீனர்கள் யாரும் இல்லை. எதிர்த்தீவின் கோட்டையை அங்கிருந்து பக்கவாட்டில் அடிக்க முடியும். மறுநாள் ஹூமன் கோட்டைகள் எல்லாம் வீழ்ந்தன. பீரங்கிகள் பார்த்த திசை ஒன்று, ஆட்கள் வந்த திசை வேறு. தளபதி குவான் தியன்பெய் ஓடாமல் நின்று செத்தார். உடலைக் குடும்பத்தார் எடுத்துப்போனபோது பிரிட்டிஷ் கப்பல் ஒன்று மரியாதைக் குண்டு முழங்கியது.

பிப்ரவரி 27 சண்டையில் ஒரு விசித்திரம். ஆற்றுக்கு மேலே சீனர்கள் வைத்திருந்த மிகப் பெரிய கலம் 'கேம்பிரிட்ஜ்', ஒரு காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல். லின் சேசூ காலத்தில் விலைக்கு வாங்கிப் பீரங்கி ஏற்றியிருந்தார்கள். மேலை நாட்டுக் கப்பலை மேலை நாட்டுக் கப்பலாலேயே எதிர்ப்பது என்ற யோசனை சரியானது. அதை ஓட்டப் பழகிய மாலுமிகள் மட்டும் இல்லை. நங்கூரமிட்ட கோட்டையாகவே அது நின்றது, அப்படியே பிடிபட்டது, கொளுத்தப்பட்டு வெடித்தது.

நெமிசிஸ் எப்படிப்பட்ட கப்பல் என்று ஒரே ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்லச் சொன்னால், நான் சுவென்பியைச் சொல்ல மாட்டேன். மார்ச் 13 முதல் 15 வரை நடந்ததைச் சொல்வேன். முத்து ஆற்றின் நடு ஓட்டத்தை விட்டுவிட்டு, மக்காவுக்குப் பின்பக்கமாக மேற்குக் கிளைகள் வழியே கான்டனை நோக்கி ஒரு வலை போன்ற ஓடைப்பாதை போகிறது. அரிசிப் படகும் உப்புப் படகும் போகிற வழி. எந்த ஐரோப்பியக் கப்பலும் அதில் போனதில்லை. நெமிசிஸ் இரண்டு மூன்று படகுகளை இழுத்துக்கொண்டு அதற்குள் நுழைந்தது. ஐந்தாறு அடி ஆழம். சில இடங்களில் அதுவும் இல்லை, சேற்றை உழுதுகொண்டே சக்கரம் சுழன்றது. திரும்ப இடமில்லாத வளைவுகளில் முன்பக்கத்தைக் கரைச்சேற்றில் குத்தி நிறுத்தி, பின்பக்கத்தைச் சுழற்றினார்கள். நட்டுவைத்த மரக்கம்பங்களைக் கயிறு கட்டிப் பிடுங்கினார்கள். வழியெல்லாம் கோட்டைகளும் காவல் நிலையங்களும் ஜங்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. கரையில் ஊர்மக்கள் திரண்டு வேடிக்கை பார்த்தார்கள். பாயும் துடுப்புக்காரர்களும் இல்லாமல், காற்றுக்கும் ஓட்டத்துக்கும் எதிராகப் புகை கக்கிக்கொண்டு வயல்களுக்கு நடுவே ஒரு கப்பல் போவதை அவர்கள் முன்பு கண்டதில்லை. ராணுவக் கணக்கில் இந்த மூன்று நாள் சிறிய காரியம். ஆனால் சீனப் பாதுகாப்பு சார்ந்திருந்த நம்பிக்கை, ஆழமற்ற நீரே அரண் என்ற நம்பிக்கை, அங்கே உடைந்தது.

மே மாதம் கான்டன். 21-ஆம் தேதி இரவு சீனர்கள் எரிபடகுகளைச் சங்கிலியால் பிணைத்து ஓட்டத்தோடு விட்டார்கள். நெருப்பு வருகிறது, காற்று இல்லை என்றால் பாய்மரக் கப்பல் நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட்டத்தோடு போக வேண்டியதுதான். நீராவிக் கப்பல் எதிரே போய் எரிபடகைக் கொக்கி போட்டு இழுத்து அப்பால் தள்ளும். அந்த நாட்களின் சண்டையொன்றில், பற்றவைத்த ராக்கெட் ஒன்று குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டது. வெடித்தால் பாலத்தில் நின்ற எல்லாரும் போயிருப்பார்கள். ஹால் கையைக் குழாய்க்குள் விட்டு அதைப் பின்னாலிருந்து தள்ளி வெளியேற்றினார். உயிர்கள் பிழைத்தன; கை வெந்துபோனது.

24-ஆம் தேதி மாலை நெமிசிஸின் பின்னால் ஏறக்குறைய எழுபது படகுகள் கட்டப்பட்டன. படகு நிறையச் சிப்பாய்களும் மாலுமிகளும். கான்டனின் மேற்குப் பக்கம் உள்ள கிளையாறு வழியே அந்த வாலை இழுத்துக்கொண்டு போய், நகருக்குப் பின்புறம் ஒரு கோயிலருகே கரைசேர்த்தது. மறுநாள் காலையில் நகருக்கு வடக்கே உள்ள மேட்டுக்கோட்டைகள் பிரிட்டிஷ் கையில். அத்தனை பேரும் துடுப்புப் போட்டு அதே தூரம் போயிருந்தால் படகுகள் சிதறிப்போய், விடிவதற்குள் நகரம் விழித்திருக்கும். இரண்டு பீரங்கியால் ஆகாதது ஒரு வடத்தால் ஆனது.

ஆறு முடியும் இடத்தில் இந்தக் கப்பலின் பலமும் முடிந்தது என்பதையும் அந்த வாரமே காட்டியது. மே 30 அன்று சான்யுவான்லி கிராமத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டியும் கொடியுமாகத் திரண்டார்கள். பேய்மழை. பின்வாங்கும்போது சென்னை 37-ஆம் படையின் ஒரு பிரிவு, அறுபது பேர் அளவில், வயல்வரப்புகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டது. சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள் தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசியவர்கள். அவர்கள் கையில் இருந்தது பழைய நெருப்புக்கல் துப்பாக்கி. மழையில் நனைந்தால் அது ஈட்டிப் பிடி, அவ்வளவுதான். சதுரமாக நின்று துப்பாக்கிமுனைக் கத்தியால் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். செப்புக் கேப்பு வைத்துச் சுடும் புதுத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்களைத் தேடி அனுப்பித்தான் மீட்க முடிந்தது. ஆற்றில் உலகின் புத்தம் புதிய இயந்திரம். அதிலிருந்து சில மைல் தள்ளி வயலில் நிற்பவன் கையில் போன நூற்றாண்டின் ஆயுதம். பேரரசு யாருக்கு எதைக் கொடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். இதே 37-ஆம் படையினர் பலரை ஏற்றிச் சென்னையிலிருந்து கிளம்பிய 'கோல்கொண்டா' என்ற பாய்மரக் கப்பல் 1840 செப்டம்பரில் சீனக் கடல் புயலில் சிக்கி ஆட்களோடு காணாமல் போயிருந்தது.

அதன்பின் போர் வடக்கே நகர்ந்தது. கரையோர நகரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன: ஆகஸ்டில் அமாய், அக்டோபரில் டிங்காய், சென்காய், நிங்போ. அடுத்த ஆண்டு மே மாதம் சாப்பு. எங்கும் ஏறக்குறைய அதே வேலை: ஆழம் பார்ப்பது, ஆட்களை இறக்குவது, இழுப்பது. கம்பெனி இன்னும் பல நீராவிக் கப்பல்களை அனுப்பியிருந்ததால் நெமிசிஸ் தனித்து நிற்கவும் இல்லை.

1842 ஜூன் 16, யாங்சி ஆற்று வாயில் வூசோங். இதில் ஒரு காட்சி எனக்குப் போரின் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கோட்டைகளுக்குப் பின்னால் நின்ற சீனக் கலங்களில் ஐந்து புதிதாகக் கட்டியவை; பக்கங்களில் மரத் துடுப்புச் சக்கரங்கள். சக்கரத்தைச் சுற்றியது நீராவி இல்லை, உள்ளே நின்ற மனிதர்கள். மனிதர் மிதித்து ஓட்டும் சக்கரக் கலம் சீனாவுக்குப் புதிதில்லை. சாங் வம்சக் காலத்திலேயே போரில் ஓடியது. இப்போது புகைக்கப்பலை எதிர்கொள்ள அந்தப் பழைய அறிவைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். 'சீனர்கள் திகைத்துப்போய்ச் சும்மா நின்றார்கள்' என்று எழுதுபவர்கள் இந்த ஐந்து கலங்களைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். எதிரியிடம் என்ன இருக்கிறது என்று ஒன்றரை ஆண்டுக்குள் புரிந்துகொண்டு, கையில் இருந்ததை வைத்து ஓடக்கூடிய ஒன்றைச் செய்துவிட்டார்கள். இல்லாதது கொதிகலன் வார்க்கும் பட்டறை.

வூசோங்கில் பிரிட்டிஷ் பாய்மரக் கப்பல்களை நீராவிக் கப்பல்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டு கோட்டைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தின. 'கார்ன்வாலிஸை' 'செசோஸ்ட்ரிஸ்' இழுத்தது, 'மாடெஸ்டை' நெமிசிஸ் இழுத்தது. காற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் நிற்கலாம். வயதான தளபதி சென் ஹுவாசெங் பீரங்கி மேடையிலேயே இறந்தார். அதற்குப் பிறகு எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் யாங்சிக்குள் ஏறிப்போயின. மணல்திட்டில் ஏறி நின்ற கப்பல்களை இழுத்துவிட்டே நீராவிக் கலங்களுக்கு நாள் கழிந்தது. ஜூலை 21-இல் பெருங்கால்வாய் யாங்சியைக் கடக்கும் சென்ஜியாங் நகரம் வீழ்ந்தது; தெற்கின் அரிசி பெய்ஜிங்குக்குப் போகும் வழி அறுந்தது. ஆகஸ்ட் 29-இல் நான்ஜிங்கில் கார்ன்வாலிஸ் கப்பலில் ஒப்பந்தம்: 2 கோடியே 10 லட்சம் டாலர், ஐந்து துறைமுகங்கள், ஹாங்காங்.

பேரரசரை அசைத்தது கான்டனில் சிதறிய ஜங்குகள் இல்லை. கான்டன் தலைநகரிலிருந்து வெகு தொலைவு. அங்கே என்ன நடந்தாலும் அறிக்கையில் வெற்றி என்று எழுதி அனுப்பிவிடலாம், அனுப்பவும் செய்தார்கள். கால்வாய் அறுந்ததை அப்படி எழுதி மறைக்க முடியாது. கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே 74 பீரங்கிக் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தியதில் நீராவிக் கப்பல்களுக்கு இருந்த பங்கு, அவை நேரே சுட்ட எல்லாக் குண்டுகளையும்விடப் பெரியது.

போருக்குப் பின் ஹால் கடற்படையில் கேப்டனாக உயர்ந்தார். நெமிசிஸ் தென்கிழக்கு ஆசியக் கடலில் 'கொள்ளையர் ஒழிப்பு' வேலைக்குப் போனது. 1849 ஜூலை 31 இரவு, போர்னியோவின் சரிபாஸ் ஆற்று வாயருகே பெடிங் மாரு என்ற இடத்தில், சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் ஆட்களும் கடற்படையும் சேர்ந்து தயாக் மக்களின் படகுக்கூட்டத்தை மறித்தார்கள். நூற்றை நெருங்கும் படகுகள். நெமிசிஸ் அன்று எதையும் இழுக்கவில்லை. இருட்டில் படகுகளுக்கு நடுவே ஓடியது. சக்கரங்களுக்கு அடியில் படகுகள் நொறுங்கின. பிடித்த அல்லது கொன்ற ஒவ்வொரு 'கொள்ளையனுக்கும்' தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி தரும் சட்டம் அப்போது பிரிட்டனில் இருந்தது. அந்த ஓர் இரவுக்காக 20,000 பவுண்டுக்கும் மேல் கேட்டு வாங்கப்பட்டது. செத்தவர்கள் கொள்ளையர்தானா, அல்லது புரூக்குக்குப் பணியாத அண்டை ஊரார்தானா என்று நாடாளுமன்றத்தில் ஜோசப் ஹ்யூம் விடாமல் கேட்டார். தலைக்கு வெகுமதி தரும் சட்டம் 1850-இல் நீக்கப்பட்டது. புரூக்கின் செயல்களை விசாரிக்க 1854-இல் சிங்கப்பூரில் ஒரு குழு உட்கார்ந்து, அவரைக் குற்றவாளி என்று சொல்லாமலே எழுந்துபோனது.